கார்க் மாவட்டத்து மர்ஃபி குடும்பம்: தேட உதவுங்கள்

வணக்கம். என் கணவரின் பாட்டி 1912இல், பதினேழு வயதில், அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் (இன்றைய கோவ்) கப்பலேறி நியூயார்க் வந்தவர். கார்க் மாவட்டம் என்பது தெரியும்; ஊர் தெரியாது. அவருடைய ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஊர்ப்பெயரில் 'கில்' என்ற தொடக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மீதியை ஈரம் தின்றுவிட்டது. பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் தேவாலயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. அப்படித் தொடங்கும் ஊர்களுக்கு அங்கே கணக்கே இல்லை. குடும்பப் பெயரான மர்ஃபியோ அயர்லாந்திலேயே அதிகம் பேருக்கு உள்ள பெயர்.

1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது எவ்வளவோ பழைய பதிவுகள் சாம்பலாகிவிட்டன. நல்லவேளையாக 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுதாக இருக்கிறது. இணையத்தில் தேடினேன், அதே பெயரில், அதே வயதில் பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எவர் எங்கள் பாட்டி?

நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைப் பதிவு செய்த எல்லிஸ் தீவில் இறங்கிய பயணிகளின் பட்டியலில், சொந்த ஊரில் இருந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இருக்குமாம். அதைத் தேடிப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். அந்தக் காலக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் உதவினால் பெரிய உபகாரம். தொண்ணூறை நெருங்கும் என் மாமனார், தன் அம்மா பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார்.