புதுப்பிப்பு: அம்மாவின் ஆபரேஷனும் வாந்தி பயமும்

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு அப்புறம் இரண்டு நாள் விடாமல் வாந்தி எடுத்த அம்மாவுக்கு இப்போது பித்தப்பை ஆபரேஷன், என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேனே? நேற்று முடிந்தது.

நீங்கள் சொன்னபடி மயக்க மருந்து டாக்டரிடம் பழைய கதையை முன்கூட்டியே சொன்னோம். தாம்பரம் பஸ்ஸில் ஏறினாலே குமட்டும் என்பதைக்கூடக் குறித்துக்கொண்டார். பயணத்தில் குமட்டுபவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தி அதிகமாம். வாந்தியைத் தடுக்க இரண்டு ஊசி: மயக்கம் கொடுக்கும்போதே டெக்ஸாமெத்தசோன், முடியும் தறுவாயில் ஒண்டான்செட்ரான் 4 மில்லிகிராம். சர்க்கரை கொஞ்சம் ஏறியது. முதல் ஊசி ஸ்டீராய்டு, அப்படித்தான் ஆகும் என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

வாந்தி எடுக்க வைத்திருந்த கிட்னி ட்ரே தலைமாட்டில் சும்மாவே கிடந்தது. ஒரு முறை குமட்டியதோடு சரி. சாயங்காலம் அரை டம்ளர் இளநீர் குடித்துவிட்டு, "காபி எப்போ தருவாங்க?" என்றார்.