திருவையாற்றிலிருந்து இனுவிக்: மிஷனுக்குப் போற சாமியாருக்கு யாராவது வழி சொல்லுங்களேன்

கேட்டவர்: திருவையாறு பக்கத்து இளம் குரு

எல்லாருக்கும் வணக்கம். குருப்பட்டம் வாங்கி ரொம்ப நாள் ஆகலை, உதவிப் பங்குத்தந்தையா இருக்கேன். கனடாவோட வடமேற்குப் பகுதியில, இனுவிக் பக்கம் மிஷன் வேலைக்கு அனுப்புறாங்க. செப்டம்பர் 8 மாதா திருவிழா முடிஞ்ச கையோட கிளம்பணும். எனக்குத் தெரிஞ்ச குளிர் கொடைக்கானல் தியான வீடுதான். அம்மா இப்பவே மப்ளர் பின்ன ஆரம்பிச்சிட்டாங்க. தஞ்சாவூர்ல நல்ல ஜெர்கினா வாங்கிடலாமா? வேற என்ன எடுத்துட்டுப் போகணும்? அங்க சனங்க எப்படி?

கொள்ளிடத்தான்:

ஜெர்கினை விடுங்க ஃபாதர். நம்ம ஊர்ல விக்கிறது ஊட்டிக்கு டூர் போறவங்களுக்கு. இனுவிக்ல ஜனவரியில மைனஸ் 30 சாதாரணம், சில நாள் மைனஸ் 40ஐயும் தொடும். பார்க்கா (தலையை மூடுற குல்லா வச்ச கனத்த குளிர்க் கோட்டு), பூட்ஸ் எல்லாம் கனடா போய்த்தான் வாங்கணும். அதுக்கு முன்னாடி அந்த ஊர் மறைமாவட்டத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. முன்னாடி இருந்த சாமியாரோட பார்க்கா மிஷன் வீட்டிலேயே ஆணியில தொங்கிக்கிட்டிருக்கலாம். கையுறையில விரல் விரலா பிரிஞ்சது வேண்டாம், நாலு விரலும் ஒண்ணா உள்ள போற மிட்டன்தான் சூடு காக்கும். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிசா இருக்கட்டும். காட்டன் பனியனை மட்டும் நம்பாதீங்க. வேர்வையைக் குடிச்சிட்டு ஈரமா உடம்போட ஒட்டிக்கும், அப்புறம் நடுக்கம்தான். உள்ளுக்குக் கம்பளி, இல்லேன்னா சிந்தெடிக். அம்மாவோட மப்ளரைக் கண்டிப்பா கொண்டு போங்க, மூக்கையும் கன்னத்தையும் மூட ஆகும். காத்தையும் சேர்த்து மைனஸ் 40ன்னு காட்டுற நாள்ல, மூடாத தோல் 5லேருந்து 10 நிமிஷத்துல உறைஞ்சு போகலாம்.

துணிமணி விஷயம் அவ்வளவுதான். நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்றேன். நம்ம பங்குல சாமியாரோட வாழ்க்கை எப்படி? மணி அடிக்கக் கோயில்பிள்ளை, செபமாலை சொல்ல உபதேசியார், சோறாக்க ஒரு அம்மா, கரண்ட் போனா ஓடி வர பங்குப் பேரவை ஆளுங்க. அங்க இத்தனை பேரும் நீங்கதான். வாசல் பனியை அள்ளுறது நீங்க, வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸுக்கு ஃபில்டர் மாத்துறது நீங்க. ஃபர்னஸ் நின்னு போனா கொஞ்ச நேரத்துல குழாய்த் தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சிடும். யாரைக் கூப்பிடணும்னு முதல் வாரமே கேட்டு நம்பரைச் சுவத்துல ஒட்டி வைங்க. அங்க சின்ன ஊர்கள் பலதுல குழாய் இணைப்பே கிடையாது. லாரியில தண்ணி வந்து வீட்டு டேங்க்ல ஊத்திட்டுப் போவாங்க, கழிவுத் தண்ணிக்கும் தனி டேங்க், அதை உறிஞ்ச இன்னொரு லாரி. உலகத்திலேயே பெரிய ஆறுகள்ல ஒண்ணான மெக்கன்சியோட கரையில உக்காந்துக்கிட்டு லாரித் தண்ணிக்குக் காத்திருக்கணும். மேட்டூரைப் பார்த்துக்கிட்டே வளர்ந்த நமக்கு அது புதுசா என்ன!

வண்டி: குளிர்காலத்துல நிறுத்தினா இன்ஜினைச் சூடா வைக்கிற பிளாக் ஹீட்டரை ஒயர் போட்டுப் பிளக்ல சொருகணும். டேங்க் பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்க. கம்பளி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, மண்வாரி எப்பவும் உள்ள இருக்கணும். வழியில மாட்டிக்கிட்டா வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. பைக்லயே பங்கு சுத்தினவர்னா, கிளம்புறதுக்குள்ள கார் நல்லாப் பழகிக்கிட்டு, லைசென்ஸ் ஒரிஜினலோட போங்க.

கிளைக்கோயிலுக்குப் போறப்ப திராட்சை ரசத்தை டிக்கியில வைக்காதீங்க, உறைஞ்சு தக்கையைத் தள்ளிடும். பார்க்காவுக்குள்ள, நெஞ்சோட வச்சுக்கங்க. தீர்த்தமும் அப்படித்தான். பூசைக்குச் சில மணி நேரம் முன்னாடியே யாராவது போய் ஹீட்டரைத் தட்டணும், இல்லேன்னா ஓஸ்தியை (நற்கருணை அப்பத்தை) பிடிக்கக்கூட விரல் வராது.

இப்ப சனங்க. டெனே, க்விச்சின், இனுவியலுயிட்னு பல குடிகள். வடமேற்குப் பகுதியில அரசு மொழியே 11, அதுல 9 பழங்குடி மொழிகள். போற முன்னாடி உறைவிடப் பள்ளிகளோட வரலாற்றைப் படிச்சிட்டுப் போங்க, இதைத் தள்ளிப் போடாதீங்க. பிள்ளைகளைப் பெத்தவங்ககிட்டேருந்து பிரிச்சுக் கொண்டு போய், தாய்மொழி பேசினா தண்டிச்ச பள்ளிகள் அது. அரசாங்கம் காசு கொடுத்தது, பலதை நடத்தினது நம்ம சபை. போப் பிரான்சிஸ் 2022ல கனடாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். உங்க பூசைக்கு வர பாட்டி அந்தப் பள்ளியில படிச்சவங்களா இருக்கலாம். வராத பாட்டியும்தான். உங்க அங்கியைப் பார்த்து ஒருத்தர் தெருவோட எதிர்ப் பக்கத்துக்குப் போனா, அதுல உங்க மேல கோவம் எதுவும் இல்லை. விளக்கம் சொல்லக் கிளம்பாதீங்க. டீ குடிக்கக் கூப்பிட்டா போங்க, கூப்பிடலேன்னா மீன் வெட்டுற இடத்துல போய் ஒரு கை கொடுங்க.

பேச்சும் நம்ம மாதிரி இல்லை. கேள்வி கேட்டா உடனே பதில் வராது, இடையில நாம பேசி ரொப்பக் கூடாது. இனுவியலுயிட் ஆளுங்க புருவத்தை லேசா மேல தூக்கினா 'ஆமா'. மூக்கைச் சுருக்கினா 'இல்லை'. நாம தலையை ஒரு பக்கமா ஆட்டுறதைப் பார்த்து அவங்களும் குழம்புவாங்க, சரியாப் போச்சு.

சாவு விழுந்தா அதுதான் உங்க பெரிய வேலை. இங்க காலையில தவறினா மறுநாள் அடக்கம். அங்க வெளியூர்ச் சொந்தம் விமானத்துல வந்து சேரணும், உறைஞ்ச நிலத்துல குழி வெட்டணும், நாள் கணக்காகும். அத்தனை ராத்திரியும் சனம் கூடிச் செபம், சாப்பாடு. குழி வெட்டுற ஆளுங்களுக்கு ஒரு ஃபிளாஸ்க் டீயோட போய் நில்லுங்க. பிரசங்கத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.

ஜெர்மனியிலேருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு, சீர்திருத்த சபையான லுத்தரன்காரர்தான், ஆனாலும் நம்ம தரங்கம்பாடிக்காரர்னு சொல்லிக்க எனக்குக் கூச்சமில்லை. 1706 ஜூலையில கப்பல்ல வந்து இறங்கினப்ப வயசு 23. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோட உக்காந்து மணல்ல எழுதித்தான் தமிழ் கத்துக்கிட்டார். 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாச்சு. குளிர் தேசத்துப் பையன் நம்ம வெயில்ல செஞ்சதை நீங்க அங்க தலைகீழாச் செய்யப் போறீங்க. அந்த ஊர்ப் பாட்டிகள்கிட்ட நாலு செபத்தையாவது அவங்க மொழியிலேயே சொல்லக் கத்துக்கங்க.

மன்னார்குடி நர்ஸ்:

தோத்திரம் சாமி. நான் வடமேற்குப் பகுதியோட தலைநகர் யெல்லோநைஃப்ல இருக்கேன், உங்களுக்கு ரொம்பத் தெற்கே. இனுவிக்ல டிசம்பர் முதல் வாரத்துலேருந்து ஏறக்குறைய ஒரு மாசம் சூரியன் உதிக்கவே உதிக்காது. நடுப்பகல்ல மங்கலா வெளுக்கும், அவ்வளவுதான். வைட்டமின் டி பத்தி டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க. பகல் வெளிச்சம் மாதிரி பளிச்சுன்னு எரியிற 10,000 லக்ஸ் விளக்குன்னு விக்கும், காலையில அரை மணி நேரம் முன்னாடி உக்காரலாம். நவம்பர்லயே ஆரம்பிங்க, மனசு இறங்கின பிறகு தேட வேண்டாம். அப்பவும் தூக்கமும் சோறும் கெட்டா வெளிய சொல்லுங்க சாமி. நீங்க யாருக்கெல்லாம் ஆறுதல் சொல்றீங்களோ அவங்ககிட்டயே மறைச்சு வைக்கிறதுதான் உங்காளுங்க வழக்கம்.

அம்மாவுக்கு போன்: குளிர்காலத்துல பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். உங்க சனி ராத்திரி 8 மணி நம்ம ஊர்ல ஞாயிறு காலை எட்டரை, பூசை முடிஞ்சு வந்திருப்பாங்க.

இளம் குரு:

ரொம்ப நன்றி அண்ணன், அக்கா. கருவாடு கிடைக்குமா? எனக்குச் சமையல்னா ரசம் மட்டும்தான் வரும்.

கொள்ளிடத்தான்:

ரசம் தெரிஞ்சா போதும், ஆனா குழம்பு ஒண்ணும் அம்மாகிட்ட இப்பவே கத்துக்கங்க. அந்த ஊர்க்காரங்களும் மீனைக் கீறிப் புகையில காயப் போடுவாங்க. நாகப்பட்டினத்து உப்பு இருக்காது, வாசனை வேற, ஆனா தட்டுல வச்சுக் கொடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க. ஊர்லேருந்து வத்தல், மோர் மிளகாய், பொடி வகை, காப்பித்தூள் எடுத்துக்கங்க. சுங்கத்துல சாப்பாட்டுப் பொருள் இருக்கான்னு கேட்டா ஒளிக்காம இருக்குன்னு எழுதுங்க. நெய்யும் கறியும் வேண்டாம். பருப்பு, புளி எல்லாம் எட்மன்டன்ல இறங்குறப்ப இந்தியக் கடையில வாங்கிடுங்க.

வருமான வரிக்கு வடபகுதியில குடியிருக்கிறவங்களுக்கு ஒரு கழிவு, குருக்களோட குடியிருப்புக்கு ஒரு கழிவு, ரெண்டும் உண்டு. படிவம் டி2222, டி1223. மறைமாவட்டக் கணக்கர்கிட்ட சொல்லி வைங்க.

இன்னொண்ணு, நாள் பார்த்து நடந்துக்கங்க. நீங்க போய்ச் சேரவே செப்டம்பர் பாதி ஆயிடும். அக்டோபர் கடைசிக்கு மேல ஆறு உறைய ஆரம்பிச்சதும், வண்டிகளை அக்கரைக்கு ஏத்திட்டுப் போற ஃபெர்ரி நின்னுடும். பனிமேல வண்டி ஓடுற அளவுக்குக் கெட்டிப்படுற வரைக்கும் தெற்கேருந்து இனுவிக் வர டெம்ப்ஸ்டர் சாலை வழியா லாரி வராது. பால், காய்கறி விமானத்துல வரும், விலையும் கூடவே ஏறும். மே மாசம் பனி உடையறப்பவும் இதே கதை. அதனால வீட்டைத் திறந்த முதல் வாரமே அரிசி மூட்டை, மாவு, எண்ணெய், டின் பால் வாங்கி அடுக்கிடுங்க. தேங்காயெண்ணெய் கட்டியாத்தான் இருக்கும், அடுப்புப் பக்கத்துல வைங்க.