மாசி முதல் சித்திரை வரை: தோட்டத்தில் யார், எது எதிர்ப்பட்டது?

நங்கநல்லூர் மாடி

போன வருஷம் தை கடைசியில, சென்னை நங்கநல்லூர்ல எங்க மாடித் தோட்டத்துல சுரை விதை ரெண்டு ஊன்றினேன். பழைய நீல டிரம்மைப் பாதியா அறுத்து அடியில ஓட்டை போட்டு, செம்மண், மண்புழு உரம், கோகோபீட்ங்கிற தேங்காய் நார்த்தூள், மூணும் சமமா கலந்து நிரப்பினது. கோகோபீட்டை ஊறவச்ச முதல் தண்ணியைக் கொட்டிட்டு இன்னும் ரெண்டு தடவை அலசிப் பிழிஞ்சுதான் சேர்க்கணும். அதுல இருக்கிற உப்பு நாற்றைக் கருக்கிடும். முந்தின வருஷம் மிளகாய் நாற்று அத்தனையும் அப்படித்தான் போச்சு.

மாசி பாதியிலேயே கொடி பந்தலைப் பிடிச்சிடுச்சு. பங்குனியில பூ. ஆண் பூ நீளக் காம்போட தனியா நிற்கும். பெண் பூவுக்கு அடியில சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிஞ்சு, மேலெல்லாம் பூனை மயிர். அதைப் பார்த்த அன்னிக்கே அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நாலு நாள் கழிச்சு மஞ்சளாகி விழுந்துடுச்சு. அடுத்ததும் அப்படியே. இப்படி 11 பிஞ்சு.

உரம் பத்தலைன்னு நினைச்சேன். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிச்சேன். தேங்காய்ப்பாலும் புளிச்ச மோரும் சேர்த்துத் தேமோர்க் கரைசல் போட்டு அதையும் அடிச்சேன். அப்புறம் கையால மகரந்தம் சேர்க்கணும்னு கேள்விப்பட்டு, தினமும் ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி ஏழரை மணிக்கு மாடிக்குப் போவேன். பூவெல்லாம் துவண்டு சுருண்டு கிடக்கும். சுரைப்பூவே இப்படித்தான் போலன்னு அந்தச் சுருண்ட பூவையே பிரிச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கலை.

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போச்சு. வீட்டுக்குள்ள புழுக்கம் தாங்காம ஏழு மணிக்கு மாடி ஏறினேன். பந்தல் முழுக்க வெள்ளை வெள்ளையா பூ விரிஞ்சிருக்கு. தெரு விளக்குகூட இல்லாத அந்த இருட்டுல ஒவ்வொரு பூவும் தனித்தனியா தெரியுது. மூணு மாசமா நான் வளர்க்கிற கொடி, அது பூத்து அன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறேன். ஒரு பெரிய அந்துப்பூச்சி, கட்டைவிரல் தண்டி இருக்கும், உட்காராமலே அந்தரத்துல நின்னு நீளமான குழலை நீட்டிப் பூவுக்குள்ள விட்டுச்சு. ரெண்டே பூவைத் தொட்டுட்டுப் பக்கத்து மாடிக்குப் போயிடுச்சு. இந்த மூணாவது மாடிக்கு அந்த மாதிரி எத்தனை வரும்? அதான் காய் பிடிக்கலை.

மறுநாள்ல இருந்து சாயங்காலம் ஆறரை மணிக்கு ஏறினேன். அப்பத்தான் விரிஞ்ச ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுப் போட்டுட்டு, நடுவுல இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவோட முடிச்சுல மெல்ல ஒத்தினேன். மூணாம் நாள் பிஞ்சு மஞ்சளாகலை. காம்பு தடிச்சுக் கீழ்நோக்கி வளைஞ்சது. அந்தக் கொடியில மட்டும் ஏழு காய் எடுத்தேன். முதல் காயை நான் கூட்டு வைக்கலை, அம்மாகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கொடியையும் அது அது பூக்கிற நேரத்துல போய்ப் பார்த்தேன். பீர்க்கு, புடலை ரெண்டும் சுரை மாதிரி சாயங்காலக் கணக்கு. புடலைப்பூ விளிம்புல நூல் பிரிஞ்ச மாதிரி இருக்கும், பார்க்காதவங்க கட்டாயம் ஒரு ராத்திரி பாருங்க. பூசணியும் பாகலும் விடியுறதுக்கு முன்னாடியே திறந்துடும். பூசணியை எட்டரை, ஒன்பதுக்குள்ள முடிச்சிடணும், அப்புறம் மூடிக்கும்.

உங்களுக்கு இந்த மூணு மாசத்துல தோட்டத்துல யார், எது எதிர்ப்பட்டதுன்னு எழுதுங்களேன்.

வடவள்ளி செம்பருத்தி

நங்கநல்லூர் அக்கா, நீங்க 11 பிஞ்சை இழந்தீங்க. நான் எனக்கு உதவி பண்ண வந்தவங்களையே கொன்னு போட்டனுங்க.

எங்கூட்டு முன்னால அடுக்குச் செம்பருத்தி ஒண்ணு இருக்குதுங்க. வருசா வருசம் மாசி பொறந்து வெயில் ஏற ஏற மாவுப்பூச்சி வந்து அப்பிக்கும். நுனியெல்லாம் சுருண்டு, மொட்டு விரியாமலே உதிரும். வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணி, பொழுது சாய அடிப்பேன். குறையும், திரும்ப வரும். ரெண்டு வருசத்துக்கு முன்னால பார்த்தா மத்ததைவிட ரெண்டு மடங்கு பெருசா, உடம்பு பூராவும் வெள்ளை நூல் நூலா தொங்கவிட்டுக்கிட்டு சில பூச்சிங்க நடமாடுச்சுங்க. இதுதான் தாய்ப்பூச்சி போலன்னு நெனச்சு, பழைய துணியில சோப்புத் தண்ணி தொட்டு ஒண்ணுவிடாம வழிச்சுப் போட்டேன். மூணு நாளா அதே வேலை.

எங்க அண்ணன் பொண்ணு வேளாண்மை படிக்குது. லீவுக்கு வந்தப்ப பெருமையா காட்டினேன். அது தலையில கை வெச்சுக்கிச்சு. "சித்தப்பா, இது மாவுப்பூச்சி இல்லை. மாவுப்பூச்சியைத் தின்ற பொறிவண்டோட குட்டி. வேகமா நடக்குதில்ல, மாவுப்பூச்சி இப்படி நடக்காது"ன்னுச்சு. அன்னைக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சுங்க.

அந்த வருசம் மருந்தை நிறுத்திட்டேன். எறும்பை மட்டும் தடுத்தேன், ஏன்னா மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். தொட்டியைத் தண்ணித் தட்டுக்கு நடுவுல கல்லு மேல தூக்கி வெச்சேன், சுவத்துல படுற கிளையை வெட்டிவிட்டேன். அவ்வளவுதான். சித்திரையில பொறிவண்டு தானா வந்துச்சு, குட்டி போட்டுச்சு. இருபது நாள்ல செடி பச்சைக்குத் திரும்பிருச்சுங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசா இருக்கக் கூடாதுங்க. 2008-ல பப்பாளி மாவுப்பூச்சி நம்ம நாட்டுல முதல்ல தெரிஞ்சது கோயமுத்தூருலதான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எல்லாம் வெள்ளை பூத்துக் கெடந்துச்சு. எத்தனையோ மருந்தடிச்சும் அடங்கலை. 2010-ல புவேர்ட்டோ ரிக்கோவுல இருந்து கண்ணுக்கே சரியா தெரியாத ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டாந்து விட்ட பொறகுதான் அடங்குச்சு. அதைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நானு. அப்படியும் என் செடிக்குன்னு வந்தப்ப துணியைத்தான் எடுத்தேன்.

மதுரை, மாமியார் வீட்டு மல்லி

நான் கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்டு மல்லிகைக்கு ஏழு வயசு. தங்கச்சிமடத்துல இருந்து மாமனார் வாங்கிட்டு வந்து வச்ச பதியன். நான் அதை ரொம்ப ஆசையா பார்த்துக்கிட்டேன். தண்ணி, எரு எதுலயும் குறை வைக்கலை. கார்த்திகையில அத்தை கத்தரியை எடுத்துட்டு வந்தாங்க. எனக்குப் பதறிப்போச்சு. "பச்சைப் பசேல்னு நிக்குதே அத்தை, எதுக்கு வெட்டணும்?"னு தடுத்துட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லாம கத்தரியை ஆணியில மாட்டிட்டாங்க.

அந்த வருஷம் கொடி சன்னல் வரைக்கும் ஏறுச்சு. பூ? தலைக்கு வைக்க நாள் ஒண்ணுக்கு நாலு. பங்குனியில பக்கத்து வீட்ல முறத்துல பறிக்கிறாங்க, நாங்க கடையில முழம் போட்டு வாங்கினோம். மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்ச ஊருல உட்கார்ந்துக்கிட்டு!

அடுத்த கார்த்திகையில நானே கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். நவம்பர் கடைசி வாரம், தரையில இருந்து ஒண்ணரை அடி விட்டுட்டு மேலே எல்லாத்தையும் கவாத்து பண்ணிட்டாங்க. காய்ஞ்ச குச்சி, உள்பக்கம் பின்னிக்கிட்ட கிளை எல்லாம் போச்சு. பத்து நாள் பார்க்கவே மனசு வரலை. தொழுஉரம் வச்சு மண்ணைக் கிளறிவிட்டாங்க. தையில செந்தளிர். மாசி பாதியில ஒவ்வொரு தளிர் நுனியிலயும் மூணு மூணா மொட்டு. பழைய கிளையில மல்லி பூக்காது, புதுத் தளிர்லதான் பூக்கும்னு அப்ப அத்தை சொன்னாங்க. முந்தின வருஷமே ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா கேட்டிருப்பியா?"ன்னாங்க.

மொட்டைச் சூரியன் ஏறுறதுக்கு முன்னாடி பறிச்சிடுவோம். பச்சை போய் வெள்ளை முழுசா ஏறினது மட்டும். அது அன்னிக்குச் சாயங்காலம் தானா விரியும். மொட்டு ஊதா நிறமாகிச் சின்ன ஓட்டை தெரிஞ்சா உள்ளே மொக்குப்புழு இருக்குன்னு அர்த்தம், அதைக் கிள்ளித் தனியா எடுத்து அழிச்சிடணும். செடிக்கடியில போட்டா திரும்ப ஏறிடும்.

அத்தை இப்ப இல்லை. கத்தரி அதே ஆணியிலதான் இருக்கு.

திருச்சி, உறையூர்

என் மகளுக்கு எட்டு வயது. பங்குனியில் எங்கள் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். நானும் எச்சம் என்றே நினைத்துத் தண்ணீர் பீய்ச்சினேன். அது அசைந்தது. சில நாளில் தோலுரித்துப் பச்சையானது. விரலால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்று நீண்டு, மூக்கைத் துளைக்கும் வாடை வந்தது. இரண்டடிச் செடியில் ஐந்து புழுக்கள். இலை பாதி போய்விட்டது. சாம்பாருக்கு வேண்டுமே என்று பறித்து எறியப் போனேன், மகள் விடவில்லை. ஒரு கொத்தை எங்களுக்கு, மற்றதெல்லாம் அவற்றுக்கு என்று பேசி முடித்தோம்.

ஒரு புழு சுவரோரக் குச்சியில் தன்னை ஒரு நூலால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்குக் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து, இறகு காயும்வரை அங்கேயே தொங்கியது. பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தது. மகள் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

செடி சித்திரையில் மறுபடி தழைத்துவிட்டது.

ஸ்கார்பரோ, கனடா

எல்லாரும் பங்குனி, சித்திரை எண்டு எழுத ஆசையாக் கிடக்கு. இஞ்ச பங்குனியில முற்றத்தில பனிதான் கிடக்கும். நான் மார்ச் நடுவில நிலக்கீழறையில விளக்குக்குக் கீழ தக்காளியும் மிளகாயும் கத்தரியும் போடுறனான். கொத்தமல்லியும் வெந்தயமும் ஏப்ரல் கடைசியில வெளியிலயே போடலாம், அதுகள் குளிரைத் தாங்கும். தக்காளியை மட்டும் மே 25க்கு முன்னம் வாற திங்கட்கிழமை, விக்டோரியா நாள் லீவு, அதுவரைக்கும் வெளியில நடவேண்டாம் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுவினம்.

ஒரு வருசம் மே தொடக்கத்தில நாலைஞ்சு நாள் நல்ல வெயில். அம்மா, "இனி என்னத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறாய் பிள்ளை, நடு" எண்டா. 14 கன்று நட்டன். அண்டிரவு உறைபனி. விடியப் பாத்தால் இலையெல்லாம் அவிச்ச கீரை மாதிரி. அம்மா ஒண்டும் பேசேல்லை. யாழ்ப்பாணத்தில அவா வாழ்நாள் முழுக்கத் தோட்டம் செய்தவா. செடி குளிரில சாகும் எண்டதை அண்டைக்குத்தான் அவா கண்டவா.

இப்ப ஒரு கிழமை பகலில வெளியில, இரவில உள்ளுக்க எண்டு கன்றைப் பழக்கிப்போட்டுத்தான் நடுறது. கறிவேப்பிலை தொட்டியில நிக்குது, பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ள இலை கொட்டி வெறும் தடியா நிக்கும். அந்த நேரம் தண்ணியைக் குறைக்கவேணும், கூடினால் வேர் அழுகிப்போம். ஜூனில வெளியில வைச்சதும் குருத்து விடும். அம்மா ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியோட போய் அதுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருப்பா. உறையூர் தங்கச்சி, எங்கட மரத்துக்கு இஞ்ச ஒரு புழுவும் வாறேல்லை. உங்கட கதையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன்.

வேலூர்

சின்ன அனுபவம்தான். போன சித்திரையில கத்தரிச்செடியில ரெண்டு பெரிய இலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. பிரிக்கப் போனா நூல் வச்சுத் தச்சிருக்கு. தையல்சிட்டு. உள்ளே முட்டை. குஞ்சு பறக்கிற வரைக்கும் அந்தச் செடி இருக்கிற வளர்ப்புப் பையில காய் பறிக்கலை, ஒரு மூலையில மட்டும் மெல்லத் தண்ணி ஊத்தினோம். கத்தரிக்காய் முத்தி மஞ்சளாச்சு. அதுலயே விதை எடுத்துக்கிட்டேன்.

ஒரு சந்தேகம். சித்திரையில எனக்குக் கொத்தமல்லி வளரவே மாட்டேங்குது. ஒரு சாண் வர்றதுக்குள்ள பூ வச்சிடுது. என்ன பண்ணலாம்?

நங்கநல்லூர் மாடி

வேலூர் சகோ, வெயில் ஏறினா கொத்தமல்லி அப்படித்தான், சீக்கிரம் பூத்துடும். விதையை ரெண்டா உடைச்சுத் தை, மாசியிலேயே போட்டு எடுத்துக்கோங்க. கோடையில அந்த இடத்தை அரைக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் கொடுங்க. புதினாவைச் சந்தைக் கட்டுல இருந்து தடிச்ச தண்டாப் பார்த்து நிழல் பக்கம் ஊன்றுங்க. கற்பூரவல்லி வெயிலைத் தாங்கும். பூத்த கொத்தமல்லியைப் பிடுங்கிடாதீங்க, தேனீ வரும். ஆனா கத்தரிப் பூவுக்கும் தக்காளிப் பூவுக்கும் சாதாரணத் தேனீ போதாது. அந்தப் பெரிய கருவண்டு வந்து பூவைப் பிடிச்சுக்கிட்டு உறுமி உலுக்கினாத்தான் தூள் நல்லா கொட்டும். அது வராத மாடியில பூங்கொத்தை விரலால சுண்டிவிடுங்க.

வடவள்ளி அண்ணா, உங்க பதிவைப் படிச்சதும் மாடிக்கு ஓடிப்போய் என் செம்பருத்தியைப் பார்த்தேன். வெள்ளை நூல் தொங்கவிட்டு நடக்கிறது நாலு இருக்கு. போன வாரம் நானும் துணியோடதான் நின்னேன்.

கத்திரி வெயில் தொடங்கப்போகுது, பாதி மாடிக்கு நிழல்வலை கட்டியாச்சு. சுரைக்கு இந்த வருஷத்து முதல் பெண் பூ இன்னிக்கு 6:40க்கு விரிஞ்சது. அம்மா இங்கேதான் இருக்காங்க. ஆண் பூவைப் பறிச்சு அவங்க கையில கொடுத்தேன், அவங்கதான் ஒத்தினாங்க. காம்பு வளையுதான்னு வியாழக்கிழமை பார்த்துட்டு வந்து எழுதுறேன்.