எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய கதை தேடி

வணக்கம் நண்பர்களே. செய்யாறு பக்கம் சிற்றூர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று நாலைந்து பேர் இறங்கியிருக்கிறோம். பள்ளி எந்த வருடம் தொடங்கியது என்பதிலேயே மாட்டிக்கொண்டோம்.

கையில் இருப்பது ஒரு பழைய சேர்க்கைப் பதிவேடு. முதல் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி ஜூன் 1! தலைக்கு மேலாகக் கையைச் சுற்றிக் காதைத் தொட்டதும் வாத்தியார் போட்ட தேதிதான், வேறென்ன.

திண்ணைப் பள்ளியாக இருந்ததை ஜில்லா போர்டு, அதாவது அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு, எடுத்துக்கொண்டது என்கிறார்கள் பெரியவர்கள். காமராசர் காலத்தில், 1956க்குப் பிறகு, மதிய உணவு வந்ததும் கூட்டம் கூடியதாம். 1958 வாக்கில் நடந்த பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊரே சேர்ந்து பெஞ்சு, கடிகாரம் வாங்கிக் கொடுத்ததாம். மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டும் அப்போது வந்ததா என்பதில் தாத்தாக்களுக்குள் சண்டையே நடக்கிறது.

கேட்க வந்தது இதுதான். பழைய வட ஆற்காடு ஜில்லா போர்டு கல்விக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்குமா? யாராவது அங்கே தேடியிருந்தால், எப்படி விண்ணப்பிப்பது, எந்தத் தலைப்பில் கேட்பது என்று சொல்லுங்கள். அப்புறம், கறையான் அரித்த தாளை மேலும் உதிராமல் படம் எடுக்க வழி தெரிந்தவர்களும் சொல்லுங்கள். பக்கத்தைப் புரட்டவே பயமாக இருக்கிறது.