ஸ்டெயின்லெஸ் பிளேடு நான்கே சவரத்தில் மழுங்குகிறது: துரு இல்லையென்றால் வேறென்ன காரணம்?

கேள்வி:
வணக்கம். இருபுறமும் வெட்டும் மெல்லிய பிளேடைப் பயன்படுத்துகிறேன். நான்காவது சவரத்திலேயே அது முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கிறது. துருதான் காரணம் என்று எண்ணி, இரண்டு மாதங்களாக ஒவ்வொரு முறையும் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, எண்ணெய் தடவி வைக்கிறேன். துருவின் சுவடே இல்லை. ஆனால் ஆயுளும் கூடவில்லை. எஃகைவிடப் பல மடங்கு மென்மையான முடி எஃகை எப்படி மழுங்கச் செய்கிறது? உறையில் 'பிளாட்டினம்' என்று அச்சிட்டதை வாங்கினால் நீடிக்குமா?

பதில் 1:
துருவைப் பற்றிய தங்கள் எண்ணம் பழைய கார்பன் எஃகு பிளேடுகளுக்கு முற்றிலும் பொருந்தும். 1960களில் ஸ்டெயின்லெஸ் பிளேடு பரவும் வரை, ஈரம் பட்ட முனை துருவேறுவதே பெருந்தொல்லையாக இருந்தது. இன்றைய பிளேடு எஃகில் சுமார் 13 விழுக்காடு குரோமியமும் 0.7 விழுக்காட்டை ஒட்டிய கார்பனும் இருக்கின்றன. குரோமியம் துருவைத் தடுக்கிறது, கார்பன் எஃகைச் சூடேற்றிச் சட்டெனக் குளிர்விக்கும்போது கடினமாக்குகிறது. (நிக்கல் கலந்த சமையல் பாத்திர எஃகும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் அதை இவ்வாறு கடினமாக்க இயலாது.)

மழுங்குவதன் காரணத்தை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சவரம் செய்த பிளேடுகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, முனை சீராகத் தேய்ந்து உருண்டிருக்கவில்லை; ஆங்காங்கே நுண்ணிய சில்லுகள் பெயர்ந்திருந்தன. முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது என்றாலும், எஃகின் நுண்கட்டமைப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இராததால், முடி வளைந்து சாய்வாக அழுத்தும்போது, அதன் ஓரம் பலவீனமான இடத்தில் பட்டால் அங்கே விசை குவிந்து சில்லு தெறிக்கிறது. ஒரு சில்லு பெயர்ந்த இடத்தின் அருகே அடுத்தது பெயர்வது எளிது.

பிளாட்டினம் என்பது முனையின் மேற்பூச்சில் சேர்க்கப்படும் உலோகமே; பிளேடு எஃகுதான். பூச்சு முனைக்கு வலுவூட்டக்கூடும். உள்ளிருக்கும் எஃகை அது மாற்றிவிடாது.

பதில் 2:
தாங்கள் துண்டால் அழுத்தித் துடைப்பதாகச் சொன்னதே எனக்கு உறுத்துகிறது. முனையின் மேல் டெஃப்ளான் வகைப் பூச்சு இருக்கிறது. முடியின்மேல் உராய்வு குறைந்து பிளேடு வழுக்கிச் செல்வது அதனால்தான். துணியை முனைமேல் இழுத்தால் அந்தப் பூச்சுக்கும், எளிதில் சேதமாகும் முனைக்கும் கேடு வரும். நீரில் அலசி உதறி, காற்றில் உலரவிட்டாலே போதும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் இன்னும் கடினமான உலோகத்தால் பிளேடு செய்தால் சில்லு பெயராதல்லவா?

பதில் 1:
இல்லை, பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கும். கடினம் கூடக்கூடப் பொருள் நொறுங்கும் தன்மையும் பொதுவாகக் கூடுகிறது. பீங்கான் கத்தி எஃகைவிடக் கடினமானது, ஆனால் தரையில் விழுந்தால் உடைந்துபோகக்கூடும். தங்கள் பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் மட்டுமே, முனையோ அதைவிடப் பன்மடங்கு மெல்லியது. அங்கே வேண்டியது சீரான, நுண்ணிய கட்டமைப்பு. பெரிய கார்பைடு துகள்கள் (எஃகினுள் கார்பனும் உலோகமும் சேர்ந்து உருவாகும் கடினத் துகள்கள்) இருந்தால் அவையே பெயர்ந்து விழும்.

தங்களால் மாற்ற முடிந்தது முடிதான். நீரை உறிஞ்சிய முடி உலர்ந்த முடியைவிடக் குறைந்த விசையில் வெட்டுப்படும். எனவே இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறவைத்த பின்னரே நுரை பூசுங்கள். இப்போது எவ்வளவு நேரம் ஊறவைக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர்:
ஊறவைப்பதே இல்லை ஐயா. முகத்தை நனைத்த உடனே தொடங்கிவிடுகிறேன். புதிய பிளேடு ஒன்றை இவ்வாறு, துடைக்காமலும் பயன்படுத்தி, எத்தனை சவரம் தாங்கியது என்று எழுதுகிறேன்.