மறுமொழி: ‘இயந்திர ஏற்பி’க்குப் பதில் ‘ஊறேற்பி’

அன்புள்ள நண்பர்களுக்கு,

மண்புழு பற்றிய கட்டுரைக்குச் சொல் கேட்டிருந்த தோழிக்கு நேற்று வந்த பரிந்துரை:

> மெக்கானோரிசெப்டர் = இயந்திர ஏற்பி

ஏற்பி என்பது ஒரு தூண்டலை உணரும் செல் அல்லது உறுப்பு; மெக்கானோரிசெப்டர் என்பது தொடுதல், அதிர்வு போன்றவற்றை உணர்வது. இந்தப் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. மண்புழுவின் தோலில் இயந்திரம் எதுவும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் முன்பாதி இங்கே குறிப்பது அழுத்தம், இழுவை, அதிர்வு போன்ற விசைகளை. பொறியியலில் ‘இயந்திர’ என்று எழுதிப் பழகிவிட்டதால் உயிரியலிலும் கை தானாக அங்கே போகிறது. பள்ளிப் பிள்ளை படித்தால் புழுவுக்குள் ஏதோ கருவி இருப்பதாகத்தான் நினைக்கும்.

சரி, புழு என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஒளியைத் தோலில் உள்ள செல்களே உணர்கின்றன. அவற்றுக்கு ‘ஒளியேற்பி’ போதும். அதிர்வுதான் சுவையான இடம். டார்வின் 1881-இல் வெளியிட்ட மண்புழு நூலில் ஒரு சோதனை வருகிறது. தொட்டியில் வளர்த்த புழுக்களின் அருகே விசில் ஊதினார்கள், பசூன் என்ற குழலை உரக்க வாசித்தார்கள், பியானோவும் வாசித்தார்கள். புழுக்கள் பொருட்படுத்தவில்லை. தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. காற்றில் வந்த ஒலிக்கு அசையாத புழு, மண் வழியே உடலில் வந்து உற்ற அதிர்வுக்கு அப்படி ஓடுகிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தூண்டிலுக்குப் புழு பிடிப்பவர்கள் தரையில் மரமுளை அடித்து, அதன் தலையில் இரும்புப் பட்டையைத் தேய்த்து மண்ணை அதிர வைப்பார்கள். புழுக்கள் கூட்டமாக மேலே வரும். தங்களைத் தின்னும் மோல் என்ற விலங்கு மண்ணைத் தோண்டி வருவதாக எண்ணித்தான் வெளியேறுகின்றன என்று 2008-இல் வந்த ஆய்வு காட்டியது.

‘உற்ற’ என்று மேலே தெரிந்தேதான் எழுதினேன். தொல்காப்பியம் உயிர்களை அறிவால் வகுக்கும்போது முதலில் வைப்பது ‘உற்றறிவது’, அதாவது உடலில் வந்து படுவதால் அறிவது. உறுதலிலிருந்து வந்த ‘ஊறு’ தொடுபுலனுக்குப் பெயர்; திருக்குறளிலும் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்றே வரிசை. ஆகவே என் முன்மொழிவு: ஊறு + ஏற்பி = ஊறேற்பி. ஒளியேற்பி, வேதியேற்பி (வேதிப்பொருளை உணர்வது) என்ற வரிசையில் இடறாமல் உட்காரும்.

ஊறு என்றால் தீங்கு அல்லவா என்று கேட்பீர்கள். உண்மைதான், இன்றைய வழக்கில் அந்தப் பொருளே முந்துகிறது. வலியை உணர்வதற்கு ‘வலியேற்பி’ என்று தனியே வைத்துவிட்டால் குழப்பம் குறையும். ‘தொடுவேற்பி’ எளிதுதான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. கரப்பானை அடிக்கச் செருப்பை ஓங்கும்போதே ஓடிவிடுகிறதே! அதன் பின்புற நீட்சிகளில் உள்ள நுண்மயிர்கள் காற்றசைவில் வளைவதால் வரும் எச்சரிக்கை அது. யாரும் அதைத் தொடவில்லை, காற்று உறுகிறது.

ஓர் இடம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. தசைக்குள் இருந்துகொண்டு தசை நீள்வதை உணரும் ஏற்பிகளும் இந்த வகைதான். அங்கே வெளியிலிருந்து எதுவும் வந்து உறுவதில்லை. மொத்த வகைக்கும் ‘விசையேற்பி’ என்று வைத்து, தோலில் இருப்பவற்றை மட்டும் ஊறேற்பி என்போமா? உடலியங்கியல் கற்பிக்கும் நண்பர்கள் சொல்லுங்கள். கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம்.

அன்புடன்.