மணப்பாடு: மேட்டுக் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

திருச்செந்தூர் போகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்: இன்னும் 18 கிலோமீட்டர் தெற்கே போய் மணப்பாட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடலோரத்தில் உயர்ந்து நிற்கும் மணல்மேடு, அதன்மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். சிலுவை அதற்கும் மூத்தது. 1540 வாக்கில் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பலின் தலைவர், உயிரோடு கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டாராம். ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

கடலைப் பார்த்த பக்கம் இறங்கினால் கிறிஸ்தவ மறைபரப்பாளரான புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது அன்று முத்துக் குளித்த இந்தக் கடற்கரைப் பகுதிக்கு, வந்தவர் அவர். 1544-இல் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் சில இந்த மணப்பாட்டிலிருந்து போனவைதான். குகைக்குள் ஒரு கிணறு இருக்கிறது. அலைச்சத்தம் காதை அடைக்கிறது, ஆனால் தண்ணீரில் உப்பு கரிக்கவே இல்லை. நம்பாமல் இன்னொரு கை வாங்கிக் குடித்தேன்.

பலரும் இத்தோடு படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். இலங்கை வணிகத்தில் செழித்த குடும்பங்களின் பெரிய வீடுகள் தெருக்களில் இருக்கின்றன. அப்புறம், இந்த ஊர்ப் பெண்களின் பனையோலை வேலை!

ஒரு திண்ணையில் ஓர் அக்கா பெட்டி முடைந்துகொண்டிருந்தார். தயங்கி நின்றேன். “ஏன் தம்பி நிக்கிறீங்க, உக்காந்து பாருங்க” என்றார். காயவைத்த குருத்தோலையைக் கத்தியால் ஒரே அகலத்தில் கீறி, ஈர்க்கை நீக்கி வைத்திருந்தார். சிலவற்றுக்குச் சிவப்பும் பச்சையுமாகச் சாயம். அவ்வப்போது ஈரத்துணியால் ஓலையைத் தடவிக்கொண்டார். காய்ந்தால் மடிக்கும்போது கிழிந்துவிடுமாம். அடி நாலு மூலையாகத் தொடங்கி, மேலே வரவர வட்டமாகிவிட்டது. எந்த இடத்தில் மாறியது என்று உற்றுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் கையைப் பார்க்காமலேயே என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் கற்றுக்கொண்டதாம். “எம்பிள்ளைக்குத் தெரியும், ஆனா உக்கார மாட்டா” என்றார்.

செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும், அப்போது இதையெல்லாம் நின்று பார்க்க முடியாது. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள், வெயிலில் மணல் கொதிக்கும். பெட்டி வாங்கினால் முடைபவர்களிடமே வாங்குங்கள், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.